லெஸ்ஸார், லெஸ்ஸீ, பூவம்மாள்

மீரா உசேன் கடைப் பலகையில் ஒரு எழுத்து தப்பு. பதினோரு வருஷமாக அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் மனு எழுதினேன். திருத்துறைப்பூண்டி தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் காகிதம், பேனா, மை, மனுவில் ஒட்டுகிற கோர்ட்டு வில்லை விற்கிற கடை அது. இங்கிலீஷில் ஸ்டேஷனரி என்று இரண்டு வார்த்தை உண்டு. ஒன்று காகிதம் பேனா வகையறா. இன்னொன்று நகராமல் நிற்பது. சொல்லும்போது இரண்டும் ஒன்றுதான், எழுதும்போது நடுவில் ஒரு எழுத்து மாறும். 'ஈ' வர வேண்டிய இடத்தில் பலகை எழுதினவன் 'ஏ' போட்டுவிட்டான்.

“பாய், உங்க கடை நகராத கடைன்னு எழுதியிருக்கு. மாத்துங்க.”

“நகருதான்னு பாருங்க துரைக்கண்ணு அண்ணே. எங்க வாப்பா வச்ச எடத்துலயே நிக்குது. சரியாத்தான் எழுதியிருக்கான்.”

இந்த மாதிரி ஆளிடம் என்ன பேசுவது. வருஷத்துக்கு நாலு தடவை சொல்வேன், நாலு தடவையும் இதே பதில். வெயில் ஏறினால் நகரும் என் பெஞ்சியைக் காட்டி, “அதுக்கு வேணா 'ஈ' போட்டுக்குங்க” என்பார்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் ஒரு வக்கீல் வீட்டில் கேஸ் கட்டுத் தூக்கப் போனேன். கையெழுத்து பார்க்கும்படி இருக்கிறது என்று நகல் எழுத உட்கார்த்தி வைத்தார். இருபத்திரண்டு வருஷம், அர்த்தம் தெரியாமலே எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். அர்த்தம் பின்னால் வந்தது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. அப்படி எழுதினவனுக்கு ஒரு லாபம் உண்டு. ஒரு எழுத்து மாறினாலும் கண்ணில் முள் குத்தின மாதிரி இருக்கும். காதால் இங்கிலீஷ் கற்றுக்கொண்ட பி.ஏ.க்காரனுக்கு அது குத்தாது.

அந்த பாஷையை நான் நம்பினதே இல்லை. ஒரே முகத்தோடு இரண்டிரண்டு வார்த்தை வைத்துக்கொண்டு ஆளை ஏமாற்றும். அதனால் ஒரு நோட்டுப் போட்டு வைத்திருந்தேன். இரட்டை இரட்டையாக வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு ஆள். ஆளைக் கட்டாமல் வார்த்தை மனதில் நிற்காது. செத்தவனுக்கு 'டெஸீஸ்ட்' என்று ஒரு வார்த்தை, சீக்காளிக்கு 'டிஸீஸ்டு' என்று ஒரு வார்த்தை. காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஒரு வக்கீல் குமாஸ்தா, செத்துப்போன தகப்பனைச் சீக்காளி என்று எழுதிக் கொடுத்துவிட்டான். ஆபீசர் அதைப் பார்த்து, 'அவரையே அழைத்து வா, நடக்க முடியாவிட்டால் டாக்டர் சர்டிபிகேட் கொண்டு வா' என்று திருப்பிவிட்டார். கருமாதி முடித்து மொட்டைத் தலையோடு நிற்கிற மகன், டாக்டரை எங்கே தேடுவான்? அந்த மொட்டைத் தலையை என் நோட்டில் செத்தவனுக்கு எதிரில் எழுதி வைத்தேன். பிறகு ஒருநாளும் மாறியதில்லை.

நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறவன் லெஸ்ஸார். வாங்கி உழுகிறவன் லெஸ்ஸீ. ஆபீஸ் வாசலில் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் இதை மாற்றிப் போடுவார்கள். எனக்கு அது சுலபம். தகப்பனார், மாமனார் என்கிற மாதிரி 'ஆர்' போட்டு முடிந்தால் அவர் மிராசுதார். 'ஸீ' என்று முடிந்தால் நம்மாள். பண்ணை வாசலில் அவனை 'சீ' என்றுதானே விரட்டுகிறார்கள்.

அந்த வருஷம் இந்த இரண்டு வார்த்தையும்தான் தாலுகா முழுக்க ஓடியது. குத்தகைக்காரன் பேரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்தது. பேர் ஏறிவிட்டால் மிராசுதார் நினைத்தபடி வயலை விட்டுத் துரத்த முடியாது. அதனால் ஏறுவதற்கு முன்னாலேயே துரத்திவிடப் பண்ணைகள் அவசரப்பட்டன. வரப்பின் ஒரு முனையில் சிவப்புக் கொடி, மறு முனையில் பண்ணையின் தடியாட்கள், ரோட்டில் போலீஸ் வண்டி. அறுப்புக்கு அறுப்பு நாலு மண்டை உடையும். ஆட்சி மாறி, எல்லாம் இனிமேல் தமிழில் என்று ஆபீஸ் சுவரில் முழ நீளத்துக்கு எழுதியிருந்தார்கள். உள்ளே போனால் மேஜைக்கு மேஜை இங்கிலீஷ்தான்.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை பூவம்மாள் வந்தாள். கோரையாற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்கால் வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. வந்ததும் உட்காரவில்லை.

“இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதணுங்க ஐயா.”

“இங்கிலீஷ் எதுக்கு? தமிழ்லயே குடுக்கலாம். செவத்துல எழுதியிருக்கு பாரு.”

“செவுரு படிச்சா உத்தரவு போடப் போவுது? பண்ணையில இங்கிலீஷ்ல குடுத்திருக்காங்க. நான் தமிழ்ல குடுத்தா என்னுது அடியில கெடக்கும், அவங்களுது மேல இருக்கும்.”

மீரா உசேன் கடைக்குள் இருந்து சொன்னார். “அந்தம்மா ஆபீசுக்குள்ள வேலை பாத்தவங்க மாதிரி பேசுறாங்க அண்ணே. எழுதுங்க.”

விஷயம் இதுதான். ஒன்பது மா நிலம், மூன்று ஏக்கர். முப்பது வருஷமாக அவள் புருஷன் குத்தகைக்கு உழுதது. ஆடி மாதம் அவன் இறந்துபோனான். பண்ணையார் பட்டணத்தில் இருக்கிறார். அவருக்காக நிலத்தைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரன் துரைராசு வந்து, இந்தச் சம்பாவை அறுத்ததோடு வயலை விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டான். அவள் பதிவு கேட்டு ஆபீசுக்கு நடந்தது தெரிந்து, இந்த நிலத்தில் குத்தகையே கிடையாது, பண்ணையே நேரில் சாகுபடி செய்கிறது என்று முன்கூட்டியே எதிர்மனுவும் போட்டாயிற்று. தை ஐந்தாம் தேதி அந்த ஊர் மனுக்களுக்கு விசாரணை. அன்றைக்குப் பேர் ஏறவில்லை என்றால் அறுத்த தாளோடு அவள் வெளியே வர வேண்டியதுதான்.

“குத்தகை அளந்ததுக்குச் சீட்டு வச்சிருக்கியா?”

“எந்தப் பண்ணையில சீட்டு குடுத்தாங்க?”

“சாட்சி?”

“ஊர்ல கூடிப் பேசினாங்களே, அதுல சொன்னாங்க, நெலம் எங்களுதுன்னு.”

“கூடிப் பேசினாங்கன்னா? பஞ்சாயத்தா?”

“அதாங்க.”

“பஞ்சாயத்துன்னு சொல்லேன்.”

“அதேதாங்க. நீங்க சொன்னீங்களே, அது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு இவ்வளவு சுற்று எதற்கு? மனு எழுத வருகிற கட்சிக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான். பாதியைச் சொல்வார்கள், பாதியை மடியில் வைத்துக்கொள்வார்கள், அப்புறம் மனு தோற்றால் எழுதினவன் மேல் பழி. யாரையும் முழுசாக நம்பாதே என்பதுதான் என் தொழிலின் முதல் பாடம். நான் காகிதத்தை எடுத்தேன்.

“புருஷன் பேரு?”

பூவம்மாள் சிரித்தமாதிரி ஒன்று செய்து தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“சொல்லும்மா, எழுதணும்.”

“எப்புடிங்க சொல்றது?”

“கூட யாரும் வரலையா, சொல்றதுக்கு?”

“மக கட்டிக்குடுத்த ஊருல இருக்கா. தனியாத்தான் வந்தேன்.” கொஞ்சம் யோசித்தாள். “திருவையாத்துல இருக்காருங்களே சாமி. அங்க வேண்டிக்கிட்டுப் பொறந்தவங்க. அந்தச் சாமி பேரு.”

“சரி சரி, புரிஞ்சுது.”

முந்தின வாரம்தான் குன்னியூர்ப் பக்கத்து ஐயாறப்பன் ஒருவனுக்கு மனு எழுதியிருந்தேன். அந்த மனுவையே மாதிரியாக எதிரில் வைத்துக்கொண்டேன். கை அந்தப் பேரிலேயே வழுக்கிக்கொண்டு போயிற்று. ஐயாறப்பன் மனைவி பூவம்மாள்.

மற்றதெல்லாம் நான் சும்மா விடவில்லை. இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். லெஸ்ஸார் நாலு இடம், லெஸ்ஸீ ஏழு இடம், ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்த்தேன். செத்தவன் செத்தவனாகவே இருக்கிறானா என்று பார்த்தேன். நிலத்தின் விளைச்சலைப் பாதித்தது என்பதற்கு 'அஃபெக்ட்', அதன் விளைவு என்பதற்கு 'எஃபெக்ட்', முதல் எழுத்து மட்டும் மாறும், அதையும் நோட்டைத் திறந்து சரிபார்த்தேன். மூன்றாம் முறை படிக்கையில் மீரா உசேனுக்கே பொறுக்கவில்லை.

“அண்ணே, நெல்லு அறுத்து அரிசியாகி சோறாயிடும் போல இருக்கு.”

“ஒரு எழுத்து மாறினா ஒரு குடும்பம் மாறிடும் பாய். உங்க பலகை மாதிரின்னு நெனச்சீங்களா?”

“எங்க பலகையால யாரும் நெலத்தை விடலையே.”

பூவம்மாள் மறுபடி வந்தபோது மனுவைத் தமிழில் படித்துக் காட்டினேன். படிக்காமல் நான் கைநாட்டு வாங்குவதில்லை. பேர் வருகிற இடத்தில் மட்டும், பெண்பிள்ளை எதிரில் நிற்கிறாளே, செத்து ஆறு மாதம்கூட ஆகவில்லையே என்று, 'உங்க வீட்டுக்காரர்' என்றே படித்தேன். வாழ்க்கையில் எப்போதாவது மரியாதை பார்த்தேன் என்றால் அன்றைக்குத்தான். அவள் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். பெருவிரலை மையில் அழுத்தி வைத்துவிட்டுப் போனாள்.

தை ஐந்தாம் தேதி ஆபீஸ் வராந்தாவில் இருநூறு பேர். கறுப்பு சிவப்புக் கரை வேட்டி ஒரு பக்கம், சிவப்புத் துண்டு ஒரு பக்கம், வெள்ளையாக வெளுத்த வேட்டியில் காரியக்காரர்கள் ஒரு பக்கம். துரைராசு தூணில் சாய்ந்துகொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். பூவம்மாள் சுவரோரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். மனு எழுதுகிறவர்களுக்கு உள்ளே வேலை இல்லை, ஜன்னலோரம் நிற்கலாம். நின்றேன்.

டவாலிச் சேவகன் வந்து கூப்பிட்டான். “ஐயாறப்பன் மனைவி பூவம்மாள்.”

அவள் அசையவில்லை.

“ஐயாறப்பன் மனைவி பூவம்மாள்.”

அவள் பக்கத்தில் இருந்த பெண்ணோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் அவள் முன்னால் நின்றேன்.

“காது கேக்கலையா? உன்னைத்தானே கூப்பிடுறான்.”

“நான் இல்லீங்களே. அது வேற பூவம்மா.”

குனிந்து கேட்டேன்.

“உன் புருஷன் பேரு ஐயாறப்பன் இல்லையா?”

அவள் என்னை விழித்துப் பார்த்தாள். மெதுவாகத் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

“பின்ன என்ன பேரு? சொல்லித் தொலையேன்.”

வாயைத் திறந்தாள். உதடு கூடியது, பிரிந்தது. சத்தம் வரவில்லை. முப்பது வருஷம் பூட்டிக் கிடந்த கதவு, நான் தட்டினால் திறந்துவிடுமா? டவாலி மூன்றாம் முறைக்கு மூச்சை இழுத்தான். மூன்றாம் முறைக்கும் ஆள் வரவில்லை என்றால் மனு தள்ளுபடி.

“போ. போய் நில்லு,” என்றேன்.

போனாள். நான் ஜன்னலுக்குத் திரும்பினேன். 

பதிவு ஆபீசர் முன்வழுக்கை விழுந்த மனுஷர், வெளியூர்க்காரர். எதிரில் காகிதங்கள், ஊரிலிருந்து கணக்குப்பிள்ளை அனுப்பியிருந்த அடங்கல் நோட்டு. எந்த வயலில் எந்தப் போகம் யார் சாகுபடி என்று எழுதுகிற நோட்டு அது. அதை மூடி முழங்கைக்கு அடியில் வைத்திருந்தார். என் மனுவை எடுத்துப் படித்தார். நிதானமாகப் படித்தார்.

“நல்ல இங்கிலீஷ். யாரோ தெரிஞ்சு எழுதியிருக்கான்,” என்று பக்கத்துக் குமாஸ்தாவிடம் சொன்னார்.

வேறொரு நாளாக இருந்தால் அந்தப் பேச்சை ஒரு மாதம் வைத்துச் சாப்பிட்டிருப்பேன். அன்றைக்கு அது செருப்படி மாதிரி விழுந்தது.

“பண்ணை சார்பா யாரு?”

துரைராசு முன்னால் வந்தான். வெற்றிலையைத் துப்பிவிட்டுத்தான் வந்திருந்தான். “நான்தாங்க காரியக்காரர்.”

“ஐயாறப்பன்ங்கறவர் முப்பது வருஷமா உங்க நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி பண்ணினாரா?”

துரைராசுவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு முகம் மலர்ந்தது. “ஐயாறப்பன்னு ஒரு ஆளு எங்க பண்ணை நெலத்துல காலே வச்சதில்லீங்க. எந்தக் கோயில்ல வேணாலும் கற்பூரம் அணைக்கிறேன்.”

 பதினோரு வருஷத்தில் ஒரு காரியக்காரன் அந்த அறையில் சொன்ன ஒரே நிஜம் அதுவாகத்தான் இருக்கும்.

ஆபீசர் பூவம்மாளைப் பார்த்தார். “என்னம்மா சொல்றே? உன் புருஷன் பேரு ஐயாறப்பன்தானே?”

“இல்லீங்க.”

“இல்லையா? பின்ன யாரும்மா ஐயாறப்பன்?”

“அது யாருன்னே எனக்குத் தெரியாதுங்க.”

அறையில் சிரிப்பு. துரைராசுதான் முதலில் சிரித்தான். ஆபீசர் மேஜையைத் தட்டினார். “உன் புருஷன் பேரு என்னம்மா? சொல்லு. சொல்லலைன்னா எழுத முடியாது. தள்ளிட்டு அடுத்ததைக் கூப்பிடுவேன்.”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் அவளைத் திட்டினேன். என்னையும் திட்டினேன். அவள் நிமிர்ந்தாள். ஆபீசரைப் பார்க்கவில்லை, துரைராசுவைப் பார்த்தாள்.

“நான் சொல்லக் கூடாதுங்க. இந்தா நிக்கிறாரே, இவருக்குத் தெரியும். களத்துக்கு வர்றப்பல்லாம் இவருதான் வாய் நெறையக் கூப்பிடுவாரு. இவரைச் சொல்லச் சொல்லுங்க.”

ஆபீசர் துரைராசு பக்கம் திரும்பினார். “தெரியுமா?”

“ஏன் தெரியாதுங்க? இந்தப் பொம்பளை புருஷன் பேரு பஞ்சநதம். ஐயாறப்பனும் இல்லை, கோயிலப்பனும் இல்லை. இதுலேருந்தே தெரியுதுல்லீங்களா, மனு மொத்தமும் பொய்யின்னு.”

பஞ்சநதம். கம்பியில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. திருவையாற்றுச் சாமிக்கு ஐயாறப்பர் என்றும் பேர், பஞ்சநதீசுவரர் என்றும் பேர். ஊர்ப்பட்ட பஞ்சநதங்கள் இந்தச் சீமையில் இருக்கிறார்கள், என் சொந்தச் சகலையே பஞ்சநதம்தான். பஞ்சாயத்து என்ற வார்த்தையைக்கூட அவள் வாயால் சொல்லாமல் சுற்றிக்கொண்டு போனாளே, அதில் புருஷன் பேரின் முன்பாதி இருந்ததால்தானே. அதைக் காதில் வாங்கிக்கொண்டு கோபப்பட்ட முட்டாள் நான்.

ஆபீசர் முழங்கையை எடுத்தார். அடங்கல் நோட்டைத் திறந்தார். “இந்தம்மா புருஷன் பஞ்சநதம். நிச்சயமா?”

“நிச்சயங்க.”

“அந்த ஊர்ல வேற பஞ்சநதம் யாராவது உண்டா?”

“இல்லீங்க. அவன் ஒருத்தன்தான்.”

“நீரே பேர் சொல்லிக் கூப்பிடுவீரா, களத்துல?”

“தெனமும் கூப்பிடுவேங்க,” என்று சொல்லிவிட்டு துரைராசு நின்றான். பேச்சு எங்கே போகிறது என்று அப்போதுதான் அவனுக்குப் பட்டிருக்க வேண்டும்.

ஆபீசர் பக்கத்தைப் புரட்டினார். சர்வே நம்பரைப் படித்தார். “சாகுபடிதாரர், பஞ்சநதம்.” இன்னொரு பக்கம். “பஞ்சநதம்.” இன்னொரு பக்கம். “இதுலயும் பஞ்சநதம். ஏழு வருஷமா இருக்கு. பண்ணை நேர் சாகுபடின்னு எதிர்மனுவில எழுதியிருக்கீரே, எந்த வருஷம் பண்ணினீர்?”

கணக்குப்பிள்ளை ஊரில் உட்கார்ந்து என்ன எழுதியிருக்கிறான் என்று பண்ணைக்குத் தெரியாது போலிருக்கிறது. துரைராசு, “கூலி ஆளுங்க அவன்” என்று ஆரம்பித்தான். கூலியாளைச் சாகுபடிதாரர் என்று எந்தக் கணக்குப்பிள்ளை எழுதுவான் என்று ஆபீசர் கேட்டார். 

பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்கள்.

“இதை எழுதினது நீரா?”

“ஆமாங்க.”

“இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தப்பில்லை. ஆளைத் தப்பா எழுதியிருக்கீர்.”

“தப்புதாங்க.” வேறு என்ன சொல்வது?

ஆறு இடத்தில் ஐயாறப்பனை அடித்து, மேலே பஞ்சநதம் என்று எழுதி, ஒவ்வொரு அடித்தலுக்கும் பக்கத்தில் அவள் கைநாட்டு வாங்கினேன். அவ்வளவு சுத்தமாக எழுதின காகிதம் சொறி பிடித்த மாதிரி ஆயிற்று. பேரைப் பதிவு செய்ய உத்தரவு என்று ஆபீசர் சொன்னார். நகல் பத்து நாளில் கிடைக்கும்.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“ஏம்மா, அன்னிக்கே ஒரு கொழந்தையையாவது கூட்டிட்டு வந்து சொல்லியிருக்கக் கூடாது? திருவையாத்துச் சாமின்னா எனக்கு எந்தப் பேருன்னு தெரியும்? அந்தச் சாமிக்கு ரெண்டு பேரு.”

“ரெண்டு பேருன்னு எனக்கு எப்புடிங்க தெரியும்? எனக்குத் தெரிஞ்சது ஒரு பேரு. அதையும் சொல்ல முடியாது.”

“துரைராசைச் சொல்ல வச்சியே, அது தெரிஞ்சு பண்ணினியா?”

“எனக்கு அங்க தெரிஞ்ச ஆம்பளை அவரு ஒருத்தர்தானுங்க. வேற யாரைக் கேக்குறது?” என்றாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் யாரையும் முழுசாக நம்புகிறவன் இல்லை. இவளை இன்றுவரை பாதிதான் நம்புகிறேன்.

விஷயத்தைக் கேட்டதும் மீரா உசேனுக்குப் பெருநாள் வந்த மாதிரி. “ஏன் அண்ணே, நீங்க சரியா பஞ்சநதம்னு எழுதியிருந்தா என்ன ஆயிருக்கும்? கூலி ஆளு, நோட்டுல இருக்கறது வேற பஞ்சநதம்னு மொதல்லயே சொல்லிட்டுப் போயிருப்பான். உங்க தப்புதான் ஜெயிச்சுக் குடுத்திருக்கு. நம்ம பலகை மாதிரி.”

“தப்பு ஜெயிக்கக் கூடாது பாய்.”

“ஜெயிச்சிடுச்சே.”

அன்று ராத்திரி நோட்டை எடுத்து, நூற்றுப்பதினெட்டு இரட்டைக்கு அடியில், முதல் தடவையாகத் தமிழில் ஒன்று எழுதினேன். பஞ்சநதம், ஐயாறப்பன். எதிரில் ஆள் பேர் எழுத வேண்டிய இடத்தில் என் பேரையே எழுதினேன்.

பதினோராம் நாள் பூவம்மாள் நகல் வாங்க வந்தாள். அறுப்பு தொடங்கிவிட்டது, அரிவாளை இடுப்பிலேயே செருகியிருந்தாள். ஆபீசிலிருந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து நீட்டினாள். டைப் அடித்த இங்கிலீஷ். முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. பஞ்சநதம் சரியாக இருந்தது. சர்வே நம்பர் சரி. அடுத்த வரிக்குப் போனேன். முள் குத்தியது.

பூவம்மாள், லெஸ்ஸார்.

மூன்று தடவை பார்த்தேன். லெஸ்ஸார்தான்.

“என்னங்க, இன்னமும் ஐயாறப்பனா?”

“இல்லை. பேரு சரியா இருக்கு. உன்னை மிராசுதாரர்னு எழுதி வச்சிருக்கான்.”

அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். மீரா உசேன் எழுந்தே வந்துவிட்டார். “இது நல்ல தப்பு அண்ணே. கண்டுக்காதீங்க. உங்களுக்குத்தான் தப்பு ராசியாச்சே.”

“நாளைக்கு இதைத் தூக்கிக்கிட்டு துரைராசு அப்பீலுக்குப் போவான். உத்தரவுல குத்தகைக்காரின்னே இல்லைம்பான். உத்தரவே செல்லாதும்பான். அன்னிக்கு அந்தம்மா யாரைக் கை காட்டும்?”

சிரிப்பு நின்றுவிட்டது. பூவம்மாள் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான் பெஞ்சியை விட்டு எழுந்தேன். ரோட்டைத் தாண்டிக் குமாஸ்தாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றேன். புதுசாக வந்த பி.ஏ., தலையில் அரை படி எண்ணெய். காகிதத்தை எட்டிப் பார்த்தான்.

“ரெண்டும் ஒண்ணுதான் பெரியவரே. படிக்கிறவங்களுக்குப் புரியும்.”

“புரியாது தம்பி.”

“ஒரே வார்த்தைதானே, கடைசி மட்டும் மாறுது.”

“அந்தக் கடைசியிலதான் நெலம் இருக்கு.”

அவன் திருத்த முடியாது, ஆபீசர் சுற்றுப்பயணம், அடுத்த வாரம் வா என்றான். நான் போகவில்லை. அவன் மேஜைக்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன். பூவம்மாளும் அரிவாளோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரம் போயிற்று. நாலு மணிக்கு ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் அவருக்கே சலிப்பு.

“இன்னிக்கு யார் பேரைய்யா மாத்தி எழுதியிருக்கீர்?”

“இது நான் எழுதினது இல்லீங்க. உங்க ஆபீசு எழுதினது.”

வாங்கிப் பார்த்தார். குமாஸ்தாவை ஒரு பார்வை பார்த்தார். பேனாவை எடுத்து அடித்து, சரியான வார்த்தையை எழுதிச் சுருக்கொப்பம் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார்.

வெளியே வந்து காகிதத்தை மடித்துக் கொடுத்தேன். பூவம்மாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டே கேட்டாள்.

“இப்ப என்ன போட்டிருக்குங்க?”

“லெஸ்ஸீ. குத்தகைக்காரி.”

“காலையில மிராசுதாரரா இருந்தேன். சாயந்தரம் ஆகுறதுக்குள்ள எறக்கி விட்டுட்டீங்க,” என்றாள். பிறகு முடிச்சை இரண்டாம் தடவை இறுக்கினாள். “இருக்கட்டும். வெளிச்சம் இருக்கறப்ப ஒரு மூலையை அறுத்துடலாம், நான் வரேங்க.”

நான் பெஞ்சிக்குத் திரும்பினேன். மீரா உசேன் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏன் அண்ணே, அந்த 'ஏ' எழுத்து எங்க இருக்கு? காட்டுங்க பாப்போம்.”

காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். மாற்றுவாரோ என்று ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்.

“எழுதினவன் நல்ல பெயிண்டு போட்டிருக்கான்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.